செங்கண்ணாடியில் எவ்வளவு தங்கம்?

மாணிக்கம்போலச் சிவந்த கண்ணாடிப் பொம்மைகளில் தங்கம் உண்டா? உண்டு என்பது விஞ்ஞான உண்மையே. மிக நுண்ணிய தங்கத் துகள்கள் கண்ணாடிக்கு அந்தச் சிவப்பைத் தரும். ஆனால் செம்பும் செலீனியமும்கூடச் சிவப்புத் தரும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல இயலாது.

எங்கள் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. தங்கத்தின் பெயர் மட்டும் இன்னும் விலைபோகிறது. "இது நம்மூர்த் தங்கம் கலந்தது, தம்பி" என்று ஒரு வியாபாரி கண்ணாடி அன்னமொன்றைப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு நீட்டினார். எடை 300 கிராம் இருக்கும். இவ்வகைக் கண்ணாடியில் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான் தங்கம். கணக்கிட்டால் 30 முதல் 60 மில்லிகிராம்! அதுவும் எந்த ஊர்த் தங்கம் என்று அன்னமா சொல்லும்?

நண்பர்களே, நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அடிப்பாகத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் அது மேற்பூச்சு. சிவக்காவிட்டால் தங்கம் என்று பொருளன்று. சூளையில் சுட்ட வண்ணமும் கரையாது. தேய்க்கவே விடாத வியாபாரியிடம் வாங்காதிருப்பது நலம்.

வேலைப்பாட்டுக்கு விலை கொடுக்கலாம். தங்கத்துக்கெனத் தனி விலை சொன்னால் ஆய்வுக்கூடச் சான்று கேளுங்கள். பொம்மையை உடைக்காமலே எக்ஸ் கதிர்களால் உள்ளிருக்கும் தனிமங்களைக் கண்டறிய முடியும்.