தேத்தண்ணி பலம் தருமா?

நெடுந்தீவிலிருந்து 1990 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஊர் திரும்பியவர்களும் உள்ளனர்; வேறிடத்தில் தங்கிவிட்டவர்களும் உள்ளனர். எங்கே இருந்தாலும் ஒரு பழக்கம் எம்மோடு கூடவே வந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி, தோட்டத்தால் வந்ததும் ஒன்று, பொழுதுபட்டால் இன்னொன்று. சோறு குறைந்த நாட்களில் பசியை அடக்கியதும் அதுவே. "தேத்தண்ணி குடித்தால்தான் பலம் வரும்" என்கிறோம். இது உண்மையா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அதிரீனற் சுரப்பிகள்

எமது இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல இரு சிறு சுரப்பிகள் உள்ளன. இவை அதிரீனற் சுரப்பிகள் எனப்படும். இவற்றின் உட்பகுதி அதிரீனலினைச் சுரக்கிறது. குண்டுச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியபோது நெஞ்சு படபடத்ததே, அது இதன் வேலை. வெளிப்பகுதி சுரக்கும் கோட்டிசோல் முதலிய ஓமோன்கள் இரத்த அமுக்கத்தையும் உடலின் உப்பையும் காக்கின்றன. இவை இன்றி உயிர் வாழ முடியாது.

கஃபீன் செய்வது என்ன?

நாம் விழித்திருக்கும்போது அடினோசீன் என்னும் பொருள் மூளையில் சேர்ந்து களைப்பை உணர்த்துகிறது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசீன் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. களைப்பு தீரவில்லை, மறைக்கப்படுகிறது. கூடவே அதிரீனலினும் கோட்டிசோலும் சிறிது நேரம் கூடுகின்றன. நாளாந்தம் குடிப்பவரில் இந்த விளைவு குறைந்துவிடும். குடித்த கஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணித்தியாலம் செல்லும். எனவே மாலைத் தேத்தண்ணி இரவு நித்திரையைக் கெடுக்கலாம்.

சுரப்பி களைத்துப்போகுமா?

கோப்பி குடித்துச் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்லி மாத்திரை விற்போர் உண்டு. அப்படியொரு நோயை மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால் இச்சுரப்பி உண்மையாகவே பழுதடையும் நோய் ஒன்று உண்டு. அதனை 1855 இல் தோமஸ் அடிசன் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தார். சயரோகம் இச்சுரப்பியை அழிப்பதும் ஒரு காரணம். தீராத களைப்பு, உடல் மெலிவு, எழும்பும்போது தலைச்சுற்று, உள்ளங்கைக் கோடுகளும் முரசும் கறுத்தல், உப்பில் அடங்காத ஆசை என்பன அடையாளங்கள். இது அரிய நோய். ஆயினும் கவனியாது விட்டால் உயிராபத்து. மருந்தால் நலமாக வாழலாம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். தொய்வு, மூட்டுவாதம் போன்ற வருத்தங்களுக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரையை நெடுநாள் எடுப்பவரில் இச்சுரப்பி உறங்கிவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் படகு ஓடாத நாட்களுக்கும் போதிய மருந்து முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும். இடம்பெயர நேர்ந்தால் முதலில் எடுக்கவேண்டியது மருந்தும் கிளினிக் கொப்பியுமே.

நாம் செய்யக்கூடியவை

1. பசிக்குத் தேத்தண்ணி குடியாது கஞ்சி, கூழ், ஒடியற்பிட்டு என ஏதாவது உண்போம்.

2. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். கீரையோடு தேசிக்காய்ப்புளி சேர்ப்பது நல்லது. எம் பெண்களின் களைப்புக்குப் பெரும்பாலும் இரத்தச்சோகையே காரணமாகலாம்.

3. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் உண்டு. கோப்பியில் இதைவிடக் கூட. சுகதேகிக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை. கர்ப்பிணிகள் 200க்கு மேற்படக்கூடாது.

4. குறைக்க விரும்புவோர் படிப்படியாகக் குறைக்கவும். திடீரென விட்டால் தலையிடி வரும். மாலையில் கொத்தமல்லி அவித்த தண்ணி குடிக்கலாம். அதில் கஃபீன் இல்லை.

5. இரண்டு மூன்று கிழமையாகியும் களைப்பு நீங்காவிட்டால் "யோசனையால் வந்தது" என்று விட்டுவிடாது வைத்தியசாலைக்குப் போவோம்.

கலந்துரையாடுவோம்

எமது வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? தேத்தண்ணியோடு மட்டும் வேலைக்குப் போகிறவர் யார்? அவருடைய களைப்பைப் பற்றி நாம் எப்போதாவது கேட்டதுண்டா?