டார்ச் வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவுகளை நினைத்து, அதே மாவட்டத்துச் செஞ்சிக்காரர்கள் ஐப்பசிக்கு முன்பே டார்ச்சையும் எமர்ஜென்சி விளக்கையும் பார்த்து வாங்கிவிடுவது நல்லது.

கடையில் எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சாதாரண பென்சில் செல் போடும் டார்ச் என்றால், கரண்ட் வராத மூன்றாம் நாளும் பெட்டிக்கடை செல்லில் எரியும். பேட்டரியை உள்ளேயே அடைத்துவைத்த விளக்கில் சார்ஜ் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பேட்டரி செத்ததும் நல்ல விளக்கும் குப்பைக்குப் போகும். திருகாணியைக் கழற்றி பேட்டரியை மாற்ற முடிகிற விளக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

குழந்தை உள்ள வீட்டில் இன்னொன்று கட்டாயம். பட்டன் செல் போடும் ரிமோட், பொம்மை எதுவானாலும் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். விழுங்கிய செல் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பழைய செல்லோடு புதியதைக் கலந்து போடாதீர்கள், பழையது கசியும். நீண்ட நாள் தொடாத டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் செல் கசிந்து வெள்ளை பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் தொட்ட வினிகரால் துடைத்துக் காயவிடுங்கள். சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்குக்கு, எரிக்காவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.