கோழித் தீனியும் நொதியும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமைதோறும் அங்குக் கூடும் மாட்டுச் சந்தை சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களைப் போலவே அங்கும் நெல் விளைகிறது. நெல் அரைக்குமிடத்தில் தவிடு மலிவாகக் கிடைக்கும். கோழி வளர்ப்போர் அதனைத் தீனியில் கலப்பது இயல்பே.

தவிட்டில் பாஸ்பரஸ் என்னும் சத்து மிகுதியாக உண்டு. எலும்பு உறுதிபெற அது இன்றியமையாதது. ஆயினும் தவிட்டையும் தானியத்தையும் மட்டுமே தின்னும் குஞ்சுகளுக்குக் கால்கள் வலுவிழந்து வளைவதுண்டு. நிறைந்த பாத்திரத்தின் அருகே பசி! இஃது எங்ஙனம்?

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய தானியம் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் ஊறி, இரைப்பையில் அமிலத்தோடு கலந்து, பின்னர் அரைவைப்பையை அடைகிறது. கோழி விழுங்கிய சிறு கற்களே அங்கு அம்மியும் குழவியும் ஆகின்றன. அரைபட்ட உணவைச் சிறுகுடலில் நொதிகள் கூறுபடுத்துகின்றன. நொதி என்பது ஒருவகைப் புரதம். தான் தீர்ந்துபோகாது பிற பொருளை மாற்ற வல்லது. மாவுப்பொருளுக்கு ஒன்று, புரதத்திற்கு ஒன்று, கொழுப்பிற்கு ஒன்று என அவை தொழிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை.

தானியங்களிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் சேர்மமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. விதை அதனைத் தன் முளைக்காகச் சேமித்து வைத்ததேயன்றிக் கோழிக்காக அன்று. முளைவிடும் காலத்தில் விதையிலுள்ள பைட்டேஸ் என்னும் நொதி அப்பூட்டைத் திறக்கும். கோழியின் குடலிலோ அந்நொதி மிகக் குறைவு. பைட்டேட் சுண்ணாம்புச் சத்தையும் துத்தநாகத்தையும் உடன் பிணைத்துக்கொண்டு எச்சத்தில் வெளியேறிவிடும்.

முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழி புழுவும் பூச்சியும் தேடித் தின்று இக்குறையை ஓரளவு தீர்த்துக்கொள்ளும். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் கூண்டில் வாழும் கோழிக்கு அவ்வுரிமை இல்லை, இட்டதே உணவு. ஆதலின் பண்ணையாளர் டைகால்சியம் பாஸ்பேட்டை விலை கொடுத்து வாங்கிக் கலந்தனர். அதற்கு மூலமான பாறையை இந்தியா பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது.

நெதர்லாந்து நாட்டில் வேறொரு துன்பம் எழுந்தது. கால்நடைகளின் கழிவிலிருந்த பாஸ்பரஸ் நீர்நிலைகளிற் கலக்கவே, பாசி பெருகி நீர் கெட்டது. 1991-ஆம் ஆண்டில், ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டு ஆக்கிய பைட்டேஸ் அங்கு விற்பனைக்கு வந்தது. தீனியில் சிறிதளவு சேர்த்தால் போதும். தீனிப்பையிலும் இரைப்பையிலுமே அது பூட்டைத் திறக்கத் தொடங்கும். எலும்பிற்குச் சத்துக் கிடைத்தது. கழிவிலும் பாஸ்பரஸ் குறைந்தது.

பார்லி, கோதுமை தின்னும் கோழிகளுக்கு வேறு தொல்லை. அத்தானியங்களின் நார்ப்பொருள் குடலில் பசைபோலாகி, உணவு செரிப்பதைத் தடுக்கும், எச்சமும் ஒட்டும். அதற்குரிய நொதிகள் வேறு. மக்காச்சோளத் தீனிக்கு அவற்றால் அத்துணைப் பயன் இராது. தீனி இன்னதென்று பாராமல் நொதி வாங்குவது வீண் செலவேயாம்.

நொதி புரதமாதலின் மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. நீராவியால் சூடேற்றிக் குருணையாக்கும் தீனியில் அது பெரிதும் கெடும். ஆகவே, தீனி ஆறியபின் அதனைக் கரைசலாகத் தெளிப்பர். அல்லது வெப்பம் தாங்கும் வகையைத் தேர்வர். தூள் தீனிக்கு இவ்விடர் இல்லை. எனினும் ஈரம் பட்ட மூட்டையில் நொதியின் ஆற்றல் நாளுக்கு நாள் குன்றும். மழைக்காலத்தில் அதனை நெடுநாள் சேர்த்து வைத்தல் ஆகாது.