ஏற்றவற்றமும் பூநாரையும்



ரயில்வேயில் பொறியாளராக இருந்த நாட்களில், மழைக்காலம் வந்தால் என் சட்டைப்பையில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று வண்டி நேரம். மற்றொன்று கடலின் ஏற்றவற்ற நேரம். கனமழையும் நாலரை மீட்டர் ஏற்றமும் சேர்ந்து வந்தால் மழைநீர் கடலுக்குள் வடியாது. குர்லா, சயான் பக்கம் தண்டவாளம் மூழ்கும். ஓய்வு பெற்றபின் அதே அட்டவணையைப் பறவை பார்க்கப் பயன்படுத்துகிறேன்.

அம்பர்நாத்திலிருந்து தாணே சென்று, வண்டி மாறி ஐரோலியில் இறங்கினால் தாணே கழிமுகம் பக்கம்தான். 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2022-இல், நமது வேடந்தாங்கல், பள்ளிக்கரணையைப் போலவே, ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

முதல் பாடம், நேரம். ஏற்றவற்றம் நிலவைப் பின்பற்றுவதால் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆகவே சென்ற ஞாயிறு ஏற்றமாக இருந்த அதே மணிக்கு இந்த ஞாயிறு வற்றமாக இருக்கும்! வற்றத்தில் பறவைகள் சேற்றுவெளியில் தொலைவில் மேயும். நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் ஒதுங்கும். படமெடுக்க அதுவே சமயம். ஐரோலி கிழக்குக் கரை என்பதால் காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் விழும்.

இரண்டாம் பாடம், அலகு. மூக்கன் நீண்ட அலகைச் சேற்றில் ஆழமாகச் செருகிப் புழு எடுக்கும். பவளக்காலி மேலாகக் கொத்தும். தட்டைவாயன் வாத்து நீரை வடிகட்டும். பூநாரையோ தலைகீழாக அலகை வைத்துப் பாசியைச் சலித்து உண்ணும். ஒரே சேறு, ஆனால் பந்தியில் சண்டையில்லை.

மூன்றாம் பாடத்தை என் பேத்தி கற்றுத் தந்தாள். முதல் வருடம், நல்ல படம் வேண்டுமென்று கரையிலிருந்து இறங்கி நெருங்கினேன். கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்துவிட்டது. "தாத்தா, அதுங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சே, ஏன் விரட்டினீங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

வலசைப் பறவைக்குக் கொழுப்புதான் எரிபொருள். 2022-இல் பட்டைவால் மூக்கன் இனத்தின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் கடந்தது. வழியில் தண்ணீர் பிடிக்க நிலையமே இல்லாத வண்டி! நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அப்படிப்பட்ட பறவையின் சேமிப்பு குறைகிறது. இப்போது நான் ஓரிடத்தில் அமர்ந்து, பறவை தானாக வரும்வரை காத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் மறக்கவில்லை. அலையாத்திக் காடும் சேற்றுவெளியும் அத்தகைய வெள்ளம் பரவி நிற்க இடம் தருபவை. அவற்றை மண்ணிட்டு மேடாக்கினால் பறவை வேறு கரை தேடிப் போகும். தண்ணீர் நம் வீட்டுக்கு வரும்.

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு ஞாயிறு, குழந்தைகளோடு சென்று வாருங்கள். புறப்படுமுன் ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.