பழைய மாதிரி இரயிலின் உண்மை நிலை

பேராக் மாநிலத்திற்கும் இரயிலுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. மலாயாவில் தண்டவாளம் பதிக்கும் பணியில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் பங்காற்றினர். இத்தகைய மண்ணில் வாழும் நமக்குப் பழைய மாதிரி இரயில்கள்மீது ஆர்வம் ஏற்படுவது இயல்பே.

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய நாணயம், கடிகாரம், பீங்கான் போன்றவை அங்கு விற்கப்படும். இத்தகைய சந்தைகளில் எப்போதாவது மாதிரி இரயிலும் கண்ணில் படலாம். சேமித்த பணத்தைக் கொடுக்கும் முன் அதன் உண்மை நிலையை அறிந்துகொள்வது அவசியம்.

முதலில், அதன் வண்ணத்தைக் கவனிக்க வேண்டும். நெடுநாள் பயன்பட்ட இரயிலில் சிறு கீறல்கள் இருப்பது குறையன்று. மாறாக, பழைய பொருள் புத்தம் புதிதாகப் பளபளத்தால் ஐயம் கொள்ள வேண்டும். மூலைமுடுக்குகளில் வேறொரு நிறம் தெரிந்தால், பின்னாளில் அதற்கு மறுவண்ணம் பூசப்பட்டிருக்கலாம். மூல வண்ணம் மாறாத இரயிலையே சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புவர்.

அடுத்து, உலோகத்தை ஆராய வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920ஆம் ஆண்டு முதல் மாதிரி இரயில்களைத் தயாரித்தது. 1938ஆம் ஆண்டில் ‘ஹார்ன்பி டப்ளோ’ எனும் சிறிய இரயில் வரிசையை அது அறிமுகப்படுத்தியது. அக்காலத்தில் பல பாகங்கள் துத்தநாகக் கலப்பு உலோகத்தால் வார்க்கப்பட்டன. அவ்வுலோகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், காலப்போக்கில் அது உப்பி, விரிசல் கண்டு, நொறுங்கிவிடும். வெப்பமும் ஈரப்பதமும் இச்சிதைவை விரைவுபடுத்தும். நம் நாட்டின் வானிலை அத்தகையது அன்றோ! இதற்கு மருந்தில்லை, பாகத்தை மாற்றுவதே வழி. ஆகவே, மயிரிழை போன்ற விரிசல்கள் உள்ளனவா எனச் சக்கரங்களையும் அடிச்சட்டத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, திருகாணிகளின் தலைகளைப் பார்க்கலாம். அவை சிதைந்திருந்தால், இரயிலை யாரோ பலமுறை திறந்திருக்கக்கூடும். “ஐயா, இதைப் பழுது பார்த்ததுண்டா? ஓட்டிக் காட்ட இயலுமா?” எனப் பணிவாகக் கேட்கலாம். ஓடும்போது கருகிய வாடை வந்தால் மோட்டாரில் குறை இருக்கலாம். தொடக்கக் கால டப்ளோ இரயில்கள் மூன்று தண்டவாளங்கள் கொண்ட பாதைக்கு உரியவை. 1959ஆம் ஆண்டில்தான் அவ்வரிசையில் இரண்டு தண்டவாள முறை வந்தது. நம்மிடம் உள்ள பாதைக்குப் பொருந்தாத இரயிலை வாங்கினால் அதை ஓட்ட இயலாது.

இறுதியாக, அட்டைப்பெட்டியைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. பெட்டியின் ஓரத்திலுள்ள பெயரும் எண்ணும் உள்ளிருக்கும் இரயிலுக்குரியவைதாமா எனச் சரிபார்க்க வேண்டும்.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. பழுது பார்த்த இரயிலை வாங்குவதில் தவறில்லை. அதை அறிந்து, அதற்கேற்ற விலையைக் கொடுத்தால் போதும். பின்னாளில் நாம் அதை விற்க நேர்ந்தால், அதன் குறைகளை மறைக்காமல் எடுத்துரைப்பதும் நம் கடமையாகும்.