சந்தை நாள் முடிந்த பிறகு

நம்பிக்கை: பள்ளிச் சந்தை நாளில் பிள்ளைகள் கடை போட்டு விற்றாலே கணக்கு தானாக வந்துவிடும்.

வராது. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ஒன்று வெளியானது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் கணக்குக் கேட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ, கையில் 200 ரூபாய் நோட்டு, மீதி எவ்வளவு? பெரும்பாலோர் மனக்கணக்காகவே சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகள் பள்ளிக்கூட வகுத்தல் கணக்கைத் தாளில் கண்டதும் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இது தலைகீழ்: தாளில் போடுவார்கள், சந்தையில் திணறுவார்கள். 1985இலேயே பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களிடம் இதே பிளவை வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சந்தைக்கும் கரும்பலகைக்கும் நடுவே பாலம் தானாக அமைவதில்லை. அதை ஆசிரியர்தான் போட வேண்டும். நம் பள்ளிகளின் சந்தை நாளில் விடுபட்டுப்போவது இந்த வேலைதான். பெற்றோர் வந்து வாங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மாலையில் மேசையை மடக்கிவிடுகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பச்சை மல்லாட்டை 3 கிலோ, கிலோ 80 வீதம் 240 ரூபாய். உப்புக்கும் காகிதத்துக்கும் 10. பொட்டலம் 10 ரூபாய் என்று 40 பொட்டலம் கட்டி 34 விற்றால் கையில் 340. லாபம் 90 என்று கத்துவார்கள். மறுநாள் காலை கரும்பலகைக்கு முன்னால் உட்கார வைத்து ஆசிரியர் கேட்க வேண்டும்: மீதி ஆறு பொட்டலம் எங்கே? மூன்றைத் தாங்களே தின்றிருப்பார்கள். மூன்று கடனுக்குப் போயிருக்கும். கடன் வராவிட்டால் யார் பொறுப்பு? அவித்தது யார் வீட்டு அடுப்பில்? கேஸுக்கு 30 ரூபாய் போட்டால் லாபம் 60, ஆளுக்குப் பத்து. அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு என்ன கூலி? இந்தக் கடைசிக் கேள்விக்கு வகுப்பில் ஒரே பதில் வராது. வர வேண்டியதும் இல்லை. நான் ஆசிரியர்களிடம் மன்றாடிக் கேட்பது இந்த ஒரு பாடவேளையைத்தான். விற்பனையைச் சுருக்கினாலும் சரி, இதைச் சுருக்காதீர்கள்.

நம்பிக்கை: இது சின்ன வயதிலேயே பிள்ளைகளை வியாபாரிகளாக்கிவிடும்.

நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து நட்புக் கயிறு பின்னி விற்கும் பயிற்சி நடக்கிறது. வகுப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அதைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. தன்னம்பிக்கையும் புதிதாக யோசிக்கும் திறனும் கூடியிருந்தன. தொழில் பற்றிய அறிவு கூடவில்லை. பெரியவனானதும் தொழில் தொடங்குவேன் என்ற எண்ணமோ குறைந்திருந்தது. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. செய்து பார்த்து, இது எனக்கு வேண்டாம் என்று பதினொரு வயதில் அறிவதும் படிப்புதான்.

நம்பிக்கை: இது குலக்கல்வியின் மறுபிறப்பு.

இந்த அச்சத்தை யாரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. தமிழகம் கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அன்று எதிர்த்தவர்கள் எதிர்த்தது கைவேலையை அல்ல. அப்பன் தொழில்தான் பிள்ளைக்கு என்ற விதியை. ஆகவே வகுப்பறைத் திட்டத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: யாருக்கு எந்த வேலை போகிறது என்று பாருங்கள். பனையேறுபவரின் பிள்ளைக்கே ஓலையும், மளிகைக் கடைக்காரர் பிள்ளைக்கே கல்லாப்பெட்டியும், பெண் பிள்ளைகளுக்கே அடுப்பும் போனால் அச்சம் நியாயமானது. அந்தத் திட்டத்தை நிறுத்த வேண்டும். வாரம் ஒரு முறை வேலையை மாற்றினால், எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். விற்பனை பள்ளி வளாகத்துக்குள், பள்ளி நேரத்துக்குள் முடிய வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் அந்த வாசலை அகலப்படுத்தக் கூடாது.

நம்பிக்கை: இதெல்லாம் நகரத்துப் பள்ளிகளுக்கு, கிராமத்தில் விற்க என்ன இருக்கிறது?

பனமலையில் ஏரி இருக்கிறது, பனை இருக்கிறது, குன்றின் மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலும் அதன் சுவரோவியமும் இருக்கின்றன. அதே மாவட்டத்தில் பூரிகுடிசை, நரசிங்கனூர்ப் பக்கம் பனைவெல்லம் காய்ச்சுகிறார்கள். தை மாதத்தில் பனங்கிழங்கு வரும். இருக்கும் பொருளை விற்பதோடு நிற்காமல், ஓவியத்தைப் பார்க்க வருபவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டறிந்து, பிள்ளைகள் தம் கையால் ஒரு பக்க வழிகாட்டித் தாள் தயாரிக்கலாம். அடுத்தவர் தேவையைக் கேட்டறிவதுதான் இதில் கடினமான பாடம். அதற்கு முதலீடு எதுவும் வேண்டாம்.

தமிழகத்தில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டமும், 2019இல் டெல்லி அரசு கொண்டுவந்த தொழில்முனைவு மனப்பாங்குப் பாடமும் மேல்வகுப்பினரை நோக்கி வந்தவை. ஐந்தாம் வகுப்புக்குத் தனித் திட்டமோ நிதியோ வரும் என்று தலைமை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் 250 ரூபாயும் அடுத்த நாள் காலையில் ஒரு பாடவேளையும் ஒதுக்கினால் போதும்.