இடுப்பு மூட்டும் செயற்கைக் காலும்

நடை என்றதும் காலைத்தான் நினைக்கிறோம். இடுப்பை நினைப்பவர் சிலரே. ஆயினும், தொடையளவில் காலை இழந்த ஒருவர் செயற்கைக் காலுடன் நன்கு நடப்பாரா என்பது பெரும்பாலும் இடுப்பு மூட்டைப் பொறுத்தது. போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காக 1944இல் தொடங்கப்பெற்ற செயற்கை உறுப்பு நிலையம் நம் புனே நகரிலேயே இருக்கிறது. ஆகவே, இயன்முறை மருத்துவம் பயிலும் நண்பர்கள் இப்பாடத்தைச் சற்று ஊன்றிக் கற்பது நலம்.

முதலில் அசைவு. தொடையை முன்புறம் சுமார் 120 பாகை மடக்கலாம். பின்புறம் நீட்டுவதோ 20 பாகை அளவுதான். ஆனால் நடைக்கு இந்தச் சிறு அளவே உயிர். அதை அளப்பதில் ஒரு சூது உண்டு. மூட்டு மடங்கியபடி இறுகியிருந்தாலும், நோயாளி முதுகை வளைத்துக்கொண்டால் தொடை கட்டிலில் நேராகப் படிந்துவிடும். இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. லிவர்ப்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி கண்டார். நோயாளி மல்லாந்து படுத்து, நல்ல முழங்காலை மார்பை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். முதுகு கட்டிலில் படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்போது எஞ்சிய தொடை எவ்வளவு மேலெழுகிறதோ அவ்வளவே இறுக்கம். முதுகு படிந்த பின்னும் இழுத்தால் இடுப்பெலும்பே புரண்டு, இல்லாத இறுக்கமும் இருப்பதுபோல் தோன்றும்.

அடுத்தது வலிமை. பிரிட்டனில் 1943இல் வெளியான 0 முதல் 5 வரையிலான அளவுமுறையை நாம் அறிவோம். தசை துடிக்கவுமில்லை என்றால் 0. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3. முழு வலிமைக்கு 5. பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே உள்ள தொடையை விலக்கித் தூக்கச் சொல்வோம். ஒரு கையால் இடுப்பெலும்பை அழுத்திப் பிடிக்காவிட்டால், இடைத் தசைகள் இடுப்பையே மேலே இழுத்து நம்மை ஏமாற்றிவிடும்.

இன்னொன்றை மாணவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். துண்டிக்கப்பட்ட தொடைக்குக் கணைக்காலின் பாரமும் இல்லை, பாதத்தின் பாரமும் இல்லை. ஆகவே அது எளிதில் பெறும் 3, முழுக் காலின் 3 ஆகாது. செயற்கைக் காலின் எடை ஏறும்போது அந்த வேறுபாடு வெளிப்படும். தொடையை விலக்கும் தசை தளர்ந்தால், அந்தக் காலில் நிற்கையில் மறுபக்க இடுப்பு சாயும். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டெலன்பர்க் 1895இல் விளக்கியது இதையே. தொடையைப் பின்னே தள்ளும் தசை தளர்ந்தாலோ, எளிய வகைச் செயற்கை முழங்கால் ஊன்றும் நேரத்தில் மடங்கிப்போகும்; நோயாளி விழுவார்.

இறுக்கம் பெரும்பாலும் படுக்கையிலேயே தொடங்குகிறது. வலி தணியட்டும் என்று வீட்டார் அன்போடு தொடைக்கடியில் தலையணை வைப்பார்கள். அதை எடுத்துவிட்டு, மருத்துவர் அனுமதித்ததும் நாள்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுக்கவைக்க வேண்டும். நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதையும் குறைக்கச் சொல்ல வேண்டும்.